ஹம்சவேணியின் குரல்

— முடியாதுங்க பாய். என்னால பேச முடியாது. வேற ஏதாவது வழி பண்ணுங்க.

— இன்னாம்மா திடீர்னு இப்படி சொல்றீங்க? பாதி விருது குடுத்தாச்சு. வெளிய எட்டிப் பாருங்க, ஸ்கூல் கிரவுண்டு முழுக்க தலைதான். மதில் மேலகூட ஏறி ஒக்காந்துட்டானுங்க.

— தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்க.

— யாருக்கு? உங்களுக்கா, ஹம்சவேணி அம்மாவுக்கா? நீங்க இங்க இருக்கிறதே ஊருக்குத் தெரியாது. உங்க தொண்டை கட்டினா யாருக்கு இன்னா? அவங்களுக்குக் கட்டிக்கிச்சுன்னா என் பொழப்பு போச்சு. காலையிலருந்து மைக் ஆட்டோவுல கத்தினு கெடக்கேன். 'சிறந்த நடிகை ஹம்சவேணி அவர்கள் உங்கள் அபிமான கோர்ட்டு வசனத்தைத் தன் சொந்தக் குரலில் பேசுவார்'னு தேரடித் தெரு, சின்னக்கடைத் தெரு, ஒண்ணு விடல.

— சொந்தக் குரல்னு உங்கள யார் சொல்லச் சொன்னது?

— உங்க புரொடியூசரோட ஆளுதான். அந்த அம்மா ஹூப்ளி பொண்ணு, தமிழே வராது, வேற யாரோ பேசறாங்கன்னு பேப்பர்ல எழுத ஆரம்பிச்சிட்டானுங்களாம். அவனுங்க வாய அடைக்கத்தான் இந்த ஏற்பாடு. ஓட்டு எடுத்து விருது குடுக்கற ரசிகர் சங்கத்துல எல்லாருக்கும் சந்தோஷம். நான் சவுண்டு சர்வீஸ்காரன், விழாவ நடத்திக் குடுக்கறவனும் நான்தான். என் தலையில கட்டிட்டாங்க.

— பாய், கொஞ்சம் மெதுவா பேசுங்க.

— கிளாஸ் ரூம் கதவு சாத்திதான் இருக்குது. இதப் பாருங்க, விஷயம் ரொம்ப சுலபம். அவங்க கையில குடுக்கறது வெறும் மைக். ஒயரு மேடைக்கு அடியிலயே முடிஞ்சிடுது. உங்களுது இந்த மைக். இந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பச்சைத் திரை, அதுக்கு முன்னாடி மேடை. திரையில ஒரு ஓட்டை விட்டிருக்கேன். அதுல பாத்துக்கினே நாலு வரி பேசுங்க. அவங்க வாயசைப்பாங்க. மாலைய ஜாஸ்தியா போட்டு மோவாய் வரைக்கும் மூடிடறேன். டப்பிங் தியேட்டர்ல நீங்க டெய்லி பண்றதுதானே?

— அங்க ரூம் பூட்டியிருக்கும் பாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேரு இருப்பாங்க. அவ்ளோதான்.

— இங்கயும் உங்கள யாரும் பாக்கப் போறதில்லியே.

— பாக்கறதுக்கு நான் பயப்படல. கேக்கறதுக்குத்தான்.

— புரியலம்மா. ஒக்காருங்க மொதல்ல. இந்த பெஞ்சுல ஒக்காருங்க. டீ சொல்லட்டா?

— வேணாம். விழா இந்த ஊர்லன்னு எனக்கு யாரும் சொல்லல. பாண்டிச்சேரின்னுதான் சொன்னாங்க. திண்டிவனம் வரைக்கும் தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா வண்டி செஞ்சியத் தாண்டி வந்துக்கினு இருக்குது. டிரைவரக் கேட்டா, எடத்த மாத்திட்டாங்கம்மா, திருவண்ணாமலையிலன்றாரு. அப்புறம் கீழ்பென்னாத்தூரு. அங்க கடையாண்ட வண்டிய நிறுத்தி ஹம்சவேணிக்கு வேர்க்கடலை வாங்கினாரு. நான் முந்தானைய முகத்துல போட்டுக்கினு சீட்டுக்குக் கீழ குனிஞ்சிட்டேன். வாந்தி வருதான்னு கேட்டாங்க. ஆமான்னேன்.

— கீழ்பென்னாத்தூர்ல உங்களுக்கு யாரும்மா?

— யாரும் இல்ல.

— யாரும் இல்லாத ஊருக்கு யாரும் குனிய மாட்டாங்க.

— பக்கத்துல ஒரு கிராமம். என்னைக் கட்டிக் குடுத்த ஊரு.

— அல்லா. அப்போ நீங்க மெட்ராஸ் இல்லியா? ரேணுகான்னுதானே சொன்னாங்க?

— ரேணுகா மெட்ராஸ்ல நானா வச்சிக்கிட்டது. என் பேரு உண்ணாமலை. அந்தப் பேரச் சொன்னா திருவண்ணாமலைப் பக்கமான்னு அடுத்த கேள்வி கேப்பாங்க. அதான் மாத்திக்கிட்டேன்.

— உண்ணாமலை. நம்ம ஊரு அம்மன் பேரு. உங்க பேச்சுல ஒண்ணும் தெரியலியே.

— தெரியாம இருக்கறதுக்குத்தான் பழகினேன். இப்போ பயத்துல எல்லாம் வருது பாருங்க.

— சரி, நான் நேரா கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. புருஷன விட்டு ஓடி வந்துட்டீங்களா?

— ஓடி வந்துட்டேன்னே வச்சிக்கங்க.

— அடியா?

— அடிக்காத நாளுன்னு எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. குடிச்சாலும் அடிப்பாரு, குடிக்கலைன்னாலும் அடிப்பாரு. அத கூட பொறுத்துக்கினுதான் இருந்தேன்.

— ஊர்ல பெரியவங்ககிட்ட சொல்லலியா?

— பெரியவரே அவங்கப்பாதான்.

— நீங்க மெட்ராஸ்ல இருக்கிறது அந்தாளுக்குத் தெரியுமா?

— நான் உசுரோட இருக்கிறதே தெரியாது. செத்துட்டேன்னு கருமாதி பண்ணிட்டாங்கன்னு பின்னால கேள்விப்பட்டேன். அன்னிக்குத்தான் பாய் நான் வயிறு நெறைய சாப்பிட்டேன்.

— அப்போ தைரியமா பேசுங்க, பயம் எதுக்கு? செத்தவங்கள யார் தேடுவாங்க?

— எனக்கு ஒரு பொண்ணு இருக்குது.

— ஓ.

— நான் வரப்போ வயித்துல இருந்தா. அவருக்கு அது தெரியாது. இப்போ ரெண்டாங் கிளாஸ் படிக்கிறா. உங்கப்பா எங்கன்னு கேட்டா, செத்துட்டாருன்னு அவளே சொல்லிக்குவா. நான் உசுரோட இருக்கிறேன்னு தெரிஞ்சா அவ இருக்கிறதும் தெரிஞ்சிடும். நாளைக்கு வந்து வாசல்ல நின்னு எம் பொண்ணுன்னு கையப் புடிச்சாருன்னா நான் இன்னா பண்ணுவேன்? கோர்ட்டுக்குப் போனாலும் பெத்த அப்பன்னுதான் சொல்லுவாங்க. அந்த வூட்டுக்கு அவ போகக் கூடாது பாய். என்னைக் கொன்னாலும் சரி, அவ போகக் கூடாது.

— அழாதீங்க. ஒரு நிமிஷம், மேடையில கூப்புடறாங்க. டிவி விருது குடுக்கணும். நான் போய் சொல்லிட்டு வந்துடறேன். இங்கயே இருங்க.

— கதவ இழுத்து சாத்திட்டுப் போங்க.

— பெரியோர்களே, தாய்மார்களே, கலை உலகின் கண்மணிகளே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து ஐந்தாம் ஆண்டின் சிறந்த தொலைக்காட்சி நடிகர். மெட்ராஸ் டிவி நாடகத்திலே வீட்டு ஓனராக வந்து, வாடகை கேட்டே நம்மைச் சிரிக்க வைத்த திரு. ராஜேந்திரன் அவர்கள். பலத்த கரகோஷம் வேண்டும். மதில் மேல் இருப்பவர்கள் ஒரு கையால் மட்டும் தட்டவும்.

— முடிஞ்சிதா?

— முடிஞ்சிதும்மா. ஊர்ல டிவி இருக்கிற வீட்ட விரல் விட்டு எண்ணிடலாம். இவருக்கு விழுந்த ஓட்டு மட்டும் மூட்டையில வந்துச்சு. அவரும் நம்பிக்கினு ஆனந்தக் கண்ணீர் விடறாரு. சரி, நம்ம விஷயத்துக்கு வாங்க. நான் யோசிச்சிப் பாத்துட்டேன். நீங்க பயப்படறதுல அர்த்தமே இல்ல. உங்க குரலு இந்தப் படத்துல ஒரு வருஷமா ஊர் ஊரா ஓடிக்கினு இருக்குது. யாராவது ஒருத்தர் வந்து இது உண்ணாமலை குரல்னு சொன்னாங்களா? சொல்ல மாட்டாங்க. எதிர்ல ஒரு அழகான பொண்ணு நின்னா, குரல யாரும்மா கவனிக்கிறா?

— அவரு கவனிப்பாரு. ஆனா அவரு சினிமா பாக்கறவரு இல்ல. அந்த ஒரு தைரியத்துலதான் நான் பெரிய படத்துக்கெல்லாம் பேச ஒத்துக்கிட்டேன். டப்பிங் தியேட்டர் பெருக்கத்தான் சேந்தேன் பாய். ஒரு நாளு ஒப்பாரி சீனுக்குப் பொம்பளைங்க பத்தலன்னு கூப்பிட்டு நிக்க வச்சாங்க. அழுன்னாங்க. அழுதேன். எனக்கு அது ஒரு கஷ்டமா? அப்படி ஆரம்பிச்சதுதான்.

— அந்தாளு எப்படி இருப்பாரு? முன் வரிசையில நான் ஒரு கண்ணு வச்சிக்கிறேன்.

— ஒசரமா இருப்பாரு. தலையில எப்பவும் சிவப்புத் துண்டு. இடது கையில சுண்டு வெரலு இருக்காது. கரும்பு மிஷின்ல போனது.

— இடது கையா?

— ஆமா.

— சுண்டு வெரலா?

— ஆமாம் பாய். ஏன்?

— கண்ணு எப்படி?

— கண்ணுக்கு இன்னா? நல்லாத்தான் இருக்கும்.

— அம்மா, அவரு பேரு சடையனா?

— யார் சொன்னா உங்களுக்கு?

— எங்கயும் எழுந்திரிக்காதீங்க. ஒக்காருங்க. நான் சொல்றத மொதல்ல கேளுங்க.

— யார் சொன்னாங்கன்னு கேக்கறேன்.

— எனக்குத் தெரியும் அவர. ஊருக்கு வெளிய இருக்கிற டூரிங் டாக்கீஸ்ல ஸ்பீக்கர் பொட்டி எல்லாம் என்னுது. இந்தப் படம் அங்க போட்டதுலருந்து அவரு தெனமும் வராரு. ரெண்டு கண்ணும் போயிடுச்சும்மா அவருக்கு. கள்ளச்சாராயம். அன்னிக்கு அவரோட குடிச்சவங்க நெறைய பேரு போய்ச் சேந்துட்டாங்க, அவருக்குக் கண்ணோட போச்சு. குருடன் சினிமாவுக்கு வரான்னு டிக்கெட் குடுக்கிறவன்லருந்து எல்லாரும் சிரிப்பானுங்க. அவரு திரைப் பக்கம் திரும்பவே மாட்டாரு. மணல்ல, என் ஸ்பீக்கர் பொட்டியாண்ட ஒக்காந்துக்கினு காத அதுலயே வச்சிக்கினு இருப்பாரு. ஹம்சவேணி பேசற எடம் வந்தா துண்ட வாயில அடச்சிக்குவாரு.

— ஐயோ.

— நான் இன்னா நெனச்சேன்? கண்ணு போனாலும் ஆசை போகல, அந்த நடிகை மேல பைத்தியம் போலருக்குதுன்னு நெனச்சேன். பாவமா இருந்துச்சு. அதனால இன்னிக்கு...

— இன்னிக்கு?

— நான்தான் என் வண்டியில கூப்பிட்டுக்கினு வந்தேன். மேடைக்கு இடது பக்கம், முன் வரிசையில, பெரிய பொட்டியாண்ட நாற்காலி போட்டுக் குடுத்திருக்கேன். நல்லா கேக்கட்டும்னு.

— பாய்.

— எனக்கு எப்படிம்மா தெரியும்?

— அவரு இங்கதான் இருக்காரு. இந்தத் திரைக்கு அந்தப் பக்கம். பாய், இந்த மைக்கு? நாம பேசறது எல்லாம்...

— ஆஃப்ல இருக்குது. பாருங்க, என் விரல வச்சிக் காட்டறேன், சுவிட்ச் கீழதான் இருக்குது. சிவப்பு லைட்டு எரிஞ்சாத்தான் வெளிய கேக்கும்.

— என்னை வெளிய அனுப்பிடுங்க. பின்பக்கம் கேட்டு இருக்குதா?

— இருக்குது. ஆனா உங்க வண்டி முன்னாடி நிக்குது, டிரைவரு கோயிலுக்குப் போயிருக்காரு. பின்னாடி போனா நேரா பஸ் ஸ்டாண்டு. உங்க புருஷன் ஊரு ஜனங்க பாதி பேரு இங்கதான் சுத்திக்கினு இருக்காங்க, இன்னிக்கு சந்தை. நடந்து போனா யாராவது மூஞ்சியப் பாத்துடுவாங்க.

— அப்போ நான் பேச மாட்டேன். சங்கத்துக்காரங்க என்னை அடிச்சாலும் பேச மாட்டேன். புரொடியூசரு வேலைய விட்டு நிறுத்தினாலும் பரவால்ல.

— அம்மா, கொஞ்சம் இருங்க. யாரோ கதவத் தட்டறாங்க. யாருப்பா அது? இன்னா? அவரா? எதுக்காம்? சரி, சரி, ஒரு நிமிஷம் நிக்க வை.

— யாரு?

— அவருதான். என்கிட்ட இன்னாவோ கேக்கணுமாம், சங்கத்து ஆளு கூப்பிட்டுக்கினு வந்து நிக்கிறான். வேணாம்னு அனுப்பினா சந்தேகம் வரும். அந்த பீரோவுக்குப் பின்னால போங்க. செருப்பக் கழட்டிடுங்க. வளையல் சத்தம் வரக் கூடாது. வாயே தொறக்காதீங்க.

— பாய், அவரு...

— போங்கம்மா. போங்க. ஆங், வாங்க சடையண்ணே. படி இருக்குது, பாத்து. இந்த பெஞ்சுல ஒக்காருங்க. இன்னா விஷயம், நாற்காலி சரியில்லியா?

— நாற்காலி நல்லாத்தான் கீது. பாய், இங்க நீ மட்டும்தான் கீறியா?

— நான் மட்டும்தாண்ணே.

— பவுடர் வாசனை வருது.

— நடிகருங்க மேக்கப் போட்டுக்கினு போன எடம். வராம இருக்குமா?

— அந்தப் பொண்ணு, அம்சவேணி, எங்க கீது?

— மேடையில ஒக்காந்திருக்காங்க. அடுத்து அவங்களுக்குத்தான் விருது.

— பாய், அது நெசமாவே பேசுமா? அது வாயாலயே?

— மைக் ஆட்டோவுல சொன்னனேண்ணே. கேக்கலியா?

— கேட்டுத்தான் வந்தேன். சத்தியமா சொல்லு. அதுதான் பேசுதா?

— சொந்தக் குரல்னுதான் நோட்டீஸ்லயே போட்டிருக்குது. உங்களுக்கு எதுக்குண்ணே இவ்ளோ விசாரணை?

— எனக்குத் தூக்கம் இல்ல பாய். அந்தப் படம் வந்ததுலருந்து தூக்கம் இல்ல. எங்க ஊர்ல மாரியாத்தா திருவிழாவுல திரை கட்டிப் படம் போட்டானுங்க. நான் வூட்ல கட்டில்ல கெடக்கறேன். கொழா ஸ்பீக்கர் சத்தம் வருது. அதுல அவ பேசறா.

— யாரு?

— என் வூட்டுக்காரி.

— அவங்க எங்க இருக்காங்க?

— செத்துட்டா. பெரு மழை பேஞ்சி ஏரி ஒடஞ்சிதே, அந்த வருஷம். ராத்திரி கெணத்துல விழுந்துட்டா. நான் ஊர்லயே இல்ல, சந்தைக்குப் பூட்டேன். வந்து பாத்தா கெணறும் ஏரியும் ஒண்ணாக் கெடக்குது. பொணமே கெடைக்கல. பொணம் இல்லாமயே கருமாதி பண்ணேன்.

— அதனால இன்னா? விதி.

— எங்க பூசாரி அப்டி சொல்லல. பொணத்த எடுத்துக் கொளுத்தலைன்னா ஆவி அடங்காதுன்றான். அவ காத்தாட்டம் சுத்தினு கீறாளாம், கொழாயில பூந்துக்கினு பேசறாளாம். நான் மொதல்ல நம்பல. தெனமும் வந்து கேட்டேன். வசனமெல்லாம் பேசறப்போ வேற பொம்பள மாதிரிதான் கீது. சுத்தமா, டவுனு பேச்சா பேசறா. ஆனா ஒரு எடத்துல அந்தப் பொண்ணு ஆத்துல விழுந்து கூவும் பாரு. அது அவளேதான் பாய். நான் கேட்ட கொரலு.

— கேட்ட குரலா? நீங்க சந்தைக்குப் போயிருந்தீங்கன்னு சொன்னீங்களே.

— கூவியிருந்தா அப்டித்தான் கூவியிருப்பான்னு சொன்னேன். நீ இன்னா, போலீசாட்டம் கேக்கற?

— சும்மாதாண்ணே கேட்டேன். சொல்லுங்க.

— இன்னிக்குத் தெரிஞ்சிடும். உசுரோட கீற பொண்ணு ஒண்ணு மேடையில நின்னு, அது வாயாலயே அந்தக் கொரல்ல பேசிச்சின்னா, செரி, ஏதோ கொரலு ஒத்துப் பூட்சின்னு வூட்டுக்குப் போய் படுத்துடுவேன். நிம்மதியா தூங்குவேன். அப்புறம் சினிமாக் கொட்டாய் பக்கமே தலை வச்சிப் படுக்க மாட்டேன்.

— ஒருவேளை பேசலைன்னா?

— பேசலைன்னா வேற யாரோ பேசறாங்கன்னுதானே அர்த்தம்? அது காத்தா இருக்கட்டும், ஆளா இருக்கட்டும். ஆளுன்னா உடுவனா? என் தம்பி மவன் மெட்ராசுக்கு லாரி ஓட்றான். அந்தப் படம் எடுத்த எடத்துக்கே போய் யாருடா பேசினதுன்னு கேட்டுட மாட்டேன்? கண்ணுதான் போச்சு. கை கால் நல்லாத்தான் கீது.

— அவ்ளோ தூரம் போக வேணாம். இன்னும் கொஞ்ச நேரத்துல பேசுவாங்க. நீங்க போய் ஒக்காருங்க.

— பேசும்ல?

— போங்கண்ணே. படி, படி. தம்பி, அண்ணன கையப் புடிச்சிக் கூட்டிக்கினு போ. ம். போயிட்டாரு. அம்மா, வெளிய வாங்க. மூச்சு விடுங்க மொதல்ல. தண்ணி குடிங்க.

— அவரு குரலு அப்டியேதான் இருக்குது பாய்.

— நான் சத்தியம் பண்ணல, கவனிச்சீங்களா? நோட்டீஸ்ல போட்டிருக்குதுன்னுதான் சொன்னேன். அல்லா மன்னிக்கணும்.

— மெட்ராசுக்கு வருவாராம்.

— வர மாட்டாரு. வழிய அவரே சொல்லிட்டுப் போயிருக்காரு, கேட்டீங்கல்ல? இவ்ளோ நேரம் நாம தலைகீழா நெனச்சிக்கினு இருந்தோம். நீங்க பேசினாத்தான் ஆபத்துன்னு பாத்தோம். இப்போ பேசலைன்னாத்தான் ஆபத்து. கோர்ட்டு வசனத்த சுத்தமா, டவுனு பேச்சுல பேசுங்க. நாலே வரி. அவரு ஹம்சவேணிதான்னு நம்பிக்கினு எழுந்து போயிடுவாரு. அத்தோட தீந்துச்சு. உங்கள இனிமே யாரும் தேட மாட்டாங்க. உங்க பொண்ணு உங்ககிட்டயே இருப்பா.

— ஆமா.

— ஆமான்னு சொல்லிட்டு எங்கயோ பாக்கறீங்களே. கெணத்தப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலியேம்மா. ஓடி வந்தேன்னுதானே சொன்னீங்க.

— கெணத்துலருந்துதான் ஓடி வந்தேன்.

— கால் வழுக்கிடுச்சா?

— வழுக்கல.

— சரி. நான் கேக்கல. எப்படி பொழச்சீங்க?

— கயித்தப் போடச் சொல்லி கூவினேன். மோட்டார் பைப்ப கட்டிப் புடிச்சிக்கினேன். மழை விடல. தண்ணி ஏறிக்கினே வந்துச்சு. அது ஏற ஏற நானும் ஏறினேன். பொழுது விடியறப்போ தண்ணியே என்னைக் கெணத்து மேட்டுல எறக்கி விட்டுடுச்சு. யாரும் இல்ல அங்க. நடக்க ஆரம்பிச்சேன்.

— சுபானல்லா. அப்படி பொழச்ச உசுரு, இப்போ பயந்து சாகலாமா?

— அவருக்குத் தூக்கம் இல்லியாம், கேட்டீங்களா?

— கேட்டேன்.

— எட்டு வருஷமா ராத்திரி யாராவது கதவத் தட்டினா பொண்ண எழுப்பி பின்வாசலாண்ட நிக்க வச்சிட்டுத்தான் நான் போய்த் தொறப்பேன். பால்காரனாத்தான் இருக்கும். தந்திக்காரனாத்தான் இருக்கும். ஆனா ஒவ்வொரு வாட்டியும் அவருன்னுதான் நெனப்பேன். தூங்காதது நான் மட்டும்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன். அவரும் தூங்கல. என் குரலுக்கு அவரு துண்ட வாயில அடச்சிக்கிறாரு. இத எனக்கு யாரும் சொல்லலியே பாய்.

— அம்மா, அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மேடையில சங்கத் தலைவரு கையாட்டறாரு. அவங்கள எழுப்பி மாலை போட ஆரம்பிச்சிட்டாங்க. பேசறீங்களா, இல்லியா? ஒரே வார்த்தை சொல்லுங்க.

— பேசறேன். மைக்க குடுங்க.

— பொண்ண நெனச்சிக்கினு பேசுங்க. நான் மேடை ஓரமா, திரையாண்டதான் நிப்பேன். நான் 'ஹம்சவேணி'ன்னு முடிச்சதும் சுவிட்ச மேல தள்ளுங்க. சிவப்பு லைட்டு எரியும். நாலு வரி. உடனே ஆஃப் பண்ணிடுங்க. நான் கையத் தட்டச் சொல்லி சத்தத்த ஜாஸ்தி பண்ணிடுவேன்.

— அவரு ஒக்காந்திருக்கிறது இந்த ஓட்டையில தெரியுமா?

— பாக்க வேணாம்மா.

— தெரியுது. நரைச்சிட்டாரு.

— பெரியோர்களே, தாய்மார்களே. இந்த மாலைப் பொழுதின் மணிமகுடம். பல்லாயிரம் ஓட்டுகள் பெற்று, இந்த ஆண்டின் சிறந்த நடிகையாக அண்ணாமலையார் மண்ணிலே தேர்ந்தெடுக்கப்பட்டவர். வேறு ஒருவர் பேசுகிறார் என்று எழுதியவர்களே, காதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இதோ, தன் சொந்தக் குரலில், உங்கள் அபிமான ஹம்சவேணி.

— கனம் நீதிபதி அவர்களே. நான் இங்கே கருணை கேட்டு வரவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். சொல்லாமல் போனால் நான் உயிரோடு இருந்து என்ன பயன்?

— கைதட்டல் போதாது. மதில் மேல் இருப்பவர்கள் இரண்டு கையாலும் தட்டலாம், விழுந்தால் பிடித்துக்கொள்கிறோம். நன்றி, நன்றி. அம்மா, நான்தான், திரைக்கு இந்தப் பக்கம். என் மைக்க மூடிக்கினுதான் பேசறேன். அருமையா பேசிட்டீங்க. கேளுங்க, ஜனங்க விசிலு அடிக்கிறானுங்க. ஹம்சவேணி அம்மாவுக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

— அவரு?

— அவரு சிரிக்கிறாரும்மா. பக்கத்துல இருக்கிறவர் தொடையத் தட்டி இன்னாவோ சொல்றாரு. துண்ட ஒதறி தோள்ல போட்டுக்கினாரு. எழுந்துட்டாரு. கெளம்பறாரு. முடிஞ்சிதும்மா, எல்லாம் முடிஞ்சிது. நீங்களும் உங்க பொண்ணும் இனிமே நல்லா தூங்கலாம். சுவிட்ச ஆஃப் பண்ணிடுங்க.

— நிம்மதியா போறாரு.

— போகட்டும். அம்மா, லைட்டு எரிஞ்சிக்கினே இருக்குது, நாம பேசினது இந்தக் கைதட்டல்ல அமுங்கிப் போச்சு. இப்போ சத்தம் அடங்குது. சுவிட்சு. உண்ணாமலையம்மா, சுவிட்ச ஆஃப் பண்ணுங்க.

— கயித்தப் போடுய்யா. நீ அங்கதான் நிக்கிற, எனக்குத் தெரியுது. மோட்டார் கொட்டாயில பீடி நெருப்பு தெரியுதுய்யா.